என் முதுகுக்குப் பின்னால ஒரு ஆன்டெனா

எனக்கு வாய் ஜாஸ்தி. மத்தவங்க சொல்லி நீங்க கேக்கறதுக்கு முன்னால நானே சொல்லிடறேன். சின்ன விமானம் ஓட்டக் கத்துக்குடுக்கறது என் வேலை. ரேடியோவுல நாலு வார்த்தையில முடிக்க வேண்டியதை நான் பத்து வார்த்தையில இழுப்பேன். ஏறி இறங்க அனுமதி குடுக்கற டவர்ல உக்காந்திருக்கறவங்களுக்குக் காலை வணக்கம் சொல்லி, மழை எந்தப் பக்கம் இருக்குன்னு கேட்டு, நன்றி சொல்லி, அதுக்கப்புறம்தான் பேச அழுத்தற பொத்தானை விடுவேன். "உங்க மேடம் ஃப்ரீக்வென்ஸியைக் குத்தகைக்கு எடுத்துட்டாங்களா?"ன்னு என் மாணவர்கள்கிட்டயே கிண்டல் பண்ணுவாங்க. அப்படிப்பட்டவ அந்தப் பொத்தானைத் தொடவே நடுங்கின ஒரு காலம் இருந்துச்சு.

நாங்க இருக்கறது சிங்கப்பூர்ல செங்காங். அங்கருந்து கொஞ்சத் தூரத்துலதான் சின்ன விமானங்கள் ஏறி இறங்கற நிலையம். நான் இதே சிங்கப்பூர்ல இன்னொரு மூலை, சுவா சூ காங்ல பிறந்து வளர்ந்தவ. வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்காரர், வேலைக்கு வந்த இடத்துல என்கிட்ட மாட்டிக்கிட்டவர். எங்க விமானப் பள்ளியோட விமானங்களுக்கு ரேடியோ மாட்டறது, வயர் பாக்கறது, பழுது சரி பண்றது எல்லாம் அவரு வேலை. நான் பேசற பேச்சுக்கு அவரு பேசாம இருக்கறதுதான் எங்க குடும்பத்தோட சமநிலை. கோபம் வந்தாக்கூட ஸ்குரூ டிரைவரைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. எனக்கு அதைப் பாத்தா இன்னும் எரியும்.

நான் வழக்கமா ஓட்டற விமானத்தைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அது தகரம் இல்ல, ஒருவகை நார் பிளாஸ்டிக். தகர உடம்பா இருந்தா ரேடியோ ஆன்டெனா வெளியில கூரை மேல நிக்கும், அலை உள்ள வராம தகரமே தடுத்துடும். பிளாஸ்டிக் உடம்புக்கு அந்தத் தடுப்பு கிடையாது. ஆன்டெனாவையும் உள்ளயே எங்கயாவது ஒளிச்சு வைப்பாங்க. இந்த விமானத்துல முதல்ல அது வால்ல இருந்துச்சு. அந்த வயர் கெட்டுப்போய் பேச்சு கரகரன்னு வந்ததும், கழட்டிக் கொண்டு வந்து சீட்டுக்குப் பின்னால மாட்டினாங்க. கையேட்டுல சொன்ன இடைவெளியெல்லாம் விட்டுத்தான் மாட்டினது. மாட்டினது என் வீட்டுக்காரர். அதுல எனக்கு அப்ப ஒரு சந்தோஷம்கூட. குரல் அவ்வளவு சுத்தமாப் போச்சு.

ஆன்டெனா அங்க வந்ததுக்கப்புறம் என் வயித்துல தங்காமப் போன ரெண்டு பேரைப் பத்தியும் சொல்லிடறேன், சுருக்கமா. முதல் தடவை வயித்துல தங்கினது எனக்கே தெரியாம நான் பறந்துக்கிட்டு இருந்தேன். தெரிஞ்சு, சந்தோஷப்பட்டு, அம்மாகிட்ட சொல்லலாமா வேணாமான்னு யோசிக்கறதுக்குள்ள போயிடுச்சு. ரெண்டாவது தடவை தெரிஞ்ச அன்னிக்கே விமானத்தை விட்டு இறங்கிட்டேன். அப்பவும் போயிடுச்சு. இறங்கறதுக்கு முன்னால பறந்தேனே, அது போதாதான்னு மனசு சொல்லுச்சு. மனசுக்கு நியாயம் அநியாயம் தெரியாது, பழி போட ஒரு ஆள் கிடைச்சாப் போதும். எனக்குக் கிடைச்ச ஆள் நான்தான். ஒருத்தர்கிட்டயும் வாயைத் திறக்கல. உலகத்துல எல்லாத்தையும் பேசற வாய், அதை மட்டும் பேசல.

மூணாவது தடவை நின்னுச்சு. மூணு மாசம் தாண்டிச்சு. அதுவரைக்கும் நான் விமானத்துப் பக்கமே போகல. நடு மாசங்கள்ல அப்பப்ப பறக்கலாம், பாடம் எடுக்க வேணாம், வாந்தி தலைசுத்தல் இருந்தா கூடவே கூடாதுன்னு விமானிகளைப் பாக்கற டாக்டர் சொன்னார். பள்ளியிலயும் சொல்லியாச்சு. கை மறந்துடக் கூடாதேன்னு எப்பவாவது ஒரு சுத்து போயிட்டு வரலாம்னு முடிவு பண்ணேன். வீட்டுல உக்காந்தா பயம் குறையும்னு நினைக்காதீங்க. உக்காந்து பாத்தவ சொல்றேன், ரெண்டு மடங்காகும்.

அப்பதான் வீட்டுக்காரர் ஒரு மீட்டரோட வந்து நின்னார். டார்ச் லைட் மாதிரி கைப்பிடி, நுனியில ஒரு பந்து. ரேடியோ அலை எந்த இடத்துல எவ்வளவுன்னு அது காட்டும். என்னை ஓரமா நிக்க வச்சுட்டு, அவரு சீட்டுல உக்காந்து, கூட வேலை பாக்கற மலாய்க்காரரைப் பொத்தானை அழுத்தச் சொல்லி, முதுகுகிட்ட, இடுப்புகிட்ட, வயித்துகிட்ட எல்லாம் பிடிச்சுப் பாத்தார்.

"வரம்புக்குள்ளதான் இருக்கு"ன்னார்.

"வரம்பு யாருக்கு? எனக்கா, உள்ள இருக்கறதுக்கா?"

"ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான்மா. சில நிமிஷத்துக்குச் சராசரி போட்டுப் பாப்பாங்க. நீ பேசறது ஒவ்வொரு தடவையும் அஞ்சு செகண்ட். மீதி நேரம் அது சும்மாதான் இருக்கும். பொத்தானை அழுத்தினாத்தான் அலை."

"நான் அஞ்சு செகண்ட் பேசி நீங்க எப்பங்க பாத்தீங்க?"

அவரு சிரிக்கல. திரும்பவும் மீட்டரைப் பிடிச்சுப் பாத்தார். ஆன்டெனாவை மறுபடியும் வாலுக்கே மாத்த, விமானம் செஞ்ச கம்பெனிக்கு எழுதிப் போட்டிருந்தாங்க. பதில் வராம தொடக்கூடாது. பேச்சு இன்னும் தெளிவா வரணும்னுதான் எழுதினாங்கன்னு நான் நினைச்சுக்கிட்டேன்.

அன்னிக்குப் பிடிச்சது எனக்குப் பயம். பொத்தானை அழுத்தினாத்தான் அலை. அப்ப அழுத்தாம இருந்துட்டா? அடுத்த ரெண்டு மூணு பறப்புல நான் ஊமை மாதிரி ஆயிட்டேன். விமானத்தோட கூப்பிடற பேர், இருக்கற இடம், முடிஞ்சுச்சு. வணக்கம் கிடையாது, மழை கிடையாது, நன்றி கிடையாது. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் முதுகுத்தண்டு வழியா ஏதோ சூடா ஏறற மாதிரி இருக்கும். ஏறாதுன்னு தெரியும். தெரிஞ்சு என்ன பிரயோஜனம்? டவர்ல இருந்த சீன அங்கிள் ஒருத்தர், "உடம்பு சரியில்லையா?"ன்னே கேட்டுட்டார். அதுக்குப் பதில் சொல்லணும்னா பொத்தானை அழுத்தணும். நான் பதிலே சொல்லல. பாவம், அவரு என்ன நினைச்சாரோ.

இதுக்கு நடுவுல அம்மா. மூணு மாசம் தாண்டினதும் சொல்லிட்டேன். அம்மா உடனே சிராங்கூன் ரோட்டுல நகைக்கடைக்குப் போய் விரல் நுனி அளவுக்கு ஒரு வெள்ளித் தாயத்து வாங்கி, சைனாடவுன் மாரியம்மன் கோயில்ல அம்மன் காலடியில வச்சு எடுத்து, மஞ்சள் கயித்துல கோத்து, தேக்கா மார்க்கெட்ல நான் மீனைக் கழுவி வாங்க நின்னுக்கிட்டு இருக்கும்போதே என் கையில கட்டிட்டாங்க.

"அம்மா, மீன் வாடை லா!"

"அம்மனுக்குத் தெரியாத மீனா? பேசாம நில்லுடி. பிள்ளை பெத்துட்டுத்தான் அவுக்கணும்."

எனக்குத் தாயத்துல பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனா அவுக்கற தைரியமும் கிடையாது. ரெண்டு போயிருக்கு, மூணாவதுக்கு யாரு என்ன குடுத்தாலும் வாங்கிக்குவேன். மீட்டரையும் நம்பினேன், மாரியம்மனையும் நம்பினேன், ரெண்டையும் முழுசா நம்பல.

அந்த நாள் நல்ல வெயில். தனியா ஒரு சுத்து, எதிர்ப்பக்கம் மலேசியாவோட ஜொகூர் கடற்கரை ஓரமாப் போயிட்டுத் திரும்பணும். உக்காந்து பெல்ட் போடும்போதுதான் பாக்கறேன், கை வீங்கி, கயிறு மணிக்கட்டுல பதிஞ்சு வரி விழுந்திருக்கு. அரிப்பு தாங்கல. அவுத்துட்டேன். அவுத்ததைப் பையில போட மனசு வருமா? புதுக் கார் வாங்கினா ஸ்டியரிங்ல கோயில் கயிறு கட்டுவோம் பாருங்க, அதே பழக்கம். விமானத்தை ஓட்டற பிடிகட்டையில கட்டிட்டேன். தொங்கினா ஆடும், ஆடினா இடிக்கும், அதனால சுத்துச் சுத்தா இறுக்கிச் சுத்தி முடிச்சுப் போட்டேன்.

அந்தப் பிடிகட்டையிலதான் ரேடியோ பொத்தானும் இருந்துச்சு. விமானத்தோட வந்த பொத்தான் கெட்டுப்போய், தனிப் பொத்தான் ஒண்ணைப் பட்டையால வரிஞ்சு கட்டியிருந்தாங்க. அதுக்கு ஒரு விரல் கீழதான் நான் தாயத்தைக் கட்டினேன். என் பிள்ளைக்குக் காவல், என் கைக்குப் பக்கத்துலயே இருக்கட்டும்னு.

ஏறும்போது எல்லாம் ஒழுங்காத்தான் இருந்துச்சு. டவர் பேசினாங்க, நான் ரெண்டு வார்த்தை சொன்னேன். கடற்கரை வந்துச்சு. போனேன், திரும்பினேன். திரும்பும்போது கையை மாத்திப் பிடிச்சேன். அதுக்கப்புறம் ரேடியோ அமைதியா ஆயிடுச்சு.

எனக்கு அப்பாடான்னு இருந்துச்சு. யாரும் என்னைக் கூப்பிடல, அப்ப நான் பதில் சொல்ல வேணாம். பதில் சொல்ல வேணாம்னா பொத்தான் வேணாம். ரேடியோ இப்படியே செத்துக் கிடக்கட்டும், நாம பத்திரமாப் போய் இறங்கிடுவோம்னு நினைச்சேன். அடக்கி வச்ச வாய் வேற. கேக்க ஆள் இல்லன்னதும் அவுத்துக்கிச்சு. வயித்துல இருக்கறதுகிட்ட பேச ஆரம்பிச்சேன். ஹெட்செட்ல என் குரல் எப்பவும் எனக்குக் கேக்கும், அதனால வித்தியாசமா எதுவும் தெரியல.

"பாரு கண்ணு, அதான் கடல். அந்தப் பக்கம் ஜொகூர், இந்தப் பக்கம் நம்ம வீடு. உங்கப்பா ஒரு மீட்டரைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடியே அலையறாரு, நீ வந்ததும் உன்னையும் அளப்பாரு, பயப்படாத. நல்ல மனுஷன்தான். வாயில கொழுக்கட்டையை வச்சுக்கிட்ட மாதிரி இருப்பாரு, அவ்வளவுதான்."

அப்புறம் எங்கருந்து வந்துச்சுன்னு தெரியல, அழுகை வந்துச்சு.

"உனக்கு முன்னாடி ரெண்டு பேரு வந்தாங்க கண்ணு. என்னாலதான் போனாங்க. நான் பறந்தேன், வாய் ஓயாம பேசினேன், அந்தச் சனியன் பிடிச்ச ஆன்டெனாவை முதுகுல வச்சுக்கிட்டு. உங்கப்பாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா என் முகத்துல முழிக்க மாட்டாரு. நீ சொல்லிடாத. நீ மட்டும் இருந்துடு. வேற எதுவும் வேணாம், நீ இருந்துடு."

மூக்கைத் துடைச்சுக்கிட்டு நிமிர்ந்தா, தூரத்துல டவர்ல இருந்து சிவப்பு வெளிச்சம். ஆடாம அசையாம என்னையே பாத்து எரியுது. ரேடியோ வேலை செய்யாத விமானத்துக்குத்தான் அப்படி வெளிச்சம் காட்டுவாங்க. சிவப்புன்னா இறங்காத, சுத்திக்கிட்டே இரு. எனக்கு ஏன் காட்டறாங்க? என் ரேடியோதான் நல்லா இருக்கே?

அப்பதான் ரேடியோ முகப்பைக் கையால மறைச்சு, வெயில் படாமப் பாத்தேன். பேச்சு வெளிய போகுதுங்கற அடையாளம் அதுல எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு.

அய்யோ, உயிரே போயிடுச்சு. குனிஞ்சு பாத்தா, தாயத்து கயித்தோட மேல நகர்ந்து பொத்தான் மேல ஏறி உக்காந்திருக்கு. கயிறு அதை இறுக்கி அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. இப்ப வர்ற ரேடியோவெல்லாம் கொஞ்ச நேரம் ஆனா தானா நின்னுடும். இது பழசு. கடற்கரையில திரும்பினதுல இருந்து நிக்கவே இல்ல. அமைதியா இருக்குன்னு நான் சந்தோஷப்பட்டேனே, பொத்தான் அமுங்கிக் கிடந்தா பேச்சு போக மட்டும்தான் செய்யும், வராது, அதனாலதான் எனக்கு எதுவும் கேக்கல. அஞ்சு செகண்ட், அஞ்சு செகண்டுன்னு அவரு போட்ட சராசரியெல்லாம் காத்துல போச்சு. இவ்வளவு நேரமும் அந்த ஆன்டெனா என் முதுகுக்குப் பின்னால முழுசா முழிச்சுக்கிட்டு இருந்திருக்கு. பிள்ளைக்குக் காவல்னு கட்டினது பிள்ளை மேலயே திரும்பிடுச்சே!

கையும் ஓடல, காலும் ஓடல. முடிச்சு அவுக்க வரல. பல்லால கடிச்சு இழுக்கலாமான்னு ஒரு யோசனை, மாரியம்மா மன்னிச்சுக்கன்னு நகத்தால பிச்சு எடுத்துட்டேன். எடுத்த மறு நொடி ஹெட்செட் முழுக்கச் சத்தம், ஆளாளுக்குப் பேசறாங்க. சீன அங்கிள் குரல் மட்டும் பதறாம வந்துச்சு. இப்ப கேக்குதா, வேறொரு விமானம் இறங்கிக்கிட்டு இருக்கு, ஒரு சுத்து சுத்திட்டு வா, அவசரமே இல்லன்னார். பதில் சொல்லப் பொத்தானை அழுத்தினேன் பாருங்க, என் வாழ்நாள்ல அவ்வளவு பாரமான பொத்தானை அழுத்தினதில்ல.

எப்படி இறங்கினேன்னு கேக்காதீங்க. சக்கரம் தரையில பட்டது தெரியும், அவ்வளவுதான். நிறுத்தற இடத்துல அவரு நின்னுக்கிட்டு இருந்தாரு. ஓடி வந்து கதவைத் திறந்து முதல்ல ரேடியோவை அணைச்சாரு. அப்புறம் கையை என் முதுகுக்கும் சீட்டுக்கும் நடுவுல விட்டு, சூடு இருக்கான்னு தடவிப் பாத்தாரு.

"சூடு இல்ல. சூடே இல்லமா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.

அவரு தோளுக்குப் பின்னால பட்டறை தெரிஞ்சுச்சு. அங்க சுவர்ல ஒரு ரேடியோ இருக்கும், நாள் முழுக்க டவர் பேச்சு அதுல ஓடும். மலாய்க்காரரும் இன்னும் ரெண்டு சீனப் பையன்களும் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க முகத்துல ஒரு குழப்பம் மட்டும்தான். அப்பதான் எனக்கு உறைச்சுச்சு. நான் அழுதது நிலையம் முழுக்கக் கேட்டிருக்கு. டவர் கேட்டுச்சு, மேல பறந்தவங்க கேட்டாங்க, பட்டறை கேட்டுச்சு. யாருக்கும் தமிழ் தெரியாது, ஒரே ஒருத்தரைத் தவிர.

அவரு அதைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கல. நடந்ததை மேலிடத்துக்குச் சொன்னோம், டவருக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன், வீட்டுக்கு வந்தோம். ராத்திரி முழுக்க அவரு ஸ்குரூ டிரைவரைத் துடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முகத்துல முழிக்க மாட்டாருன்னு சொன்னேனே, அதேதான் நடக்குதுன்னு நினைச்சுக்கிட்டு நான் சுவரைப் பாத்துப் படுத்திருந்தேன். வயித்து மேல கையை வச்சா எந்த அசைவும் தெரியல. அசைவு தெரியற மாசம் இன்னும் வரலன்னு எனக்கே தெரியும். இருந்தாலும் கையை எடுக்கல.

மறுநாள் தேக்கா பக்கம் இருக்கற கிளினிக். டாக்டர் ஒரு சீன அம்மா, அதிகம் சிரிக்க மாட்டாங்க. ஜெல் தடவி, கருவியை வச்சு, அங்க நகத்தி இங்க நகத்தித் தேடினாங்க. அவரு என் காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. கையைப் பிடிக்கணும்னு அவருக்குத் தோணல, கிடைச்சது கால்.

அப்புறம் சத்தம் வந்துச்சு. தடதடன்னு, யாரோ அவசரமா மாடிப்படி ஏறற மாதிரி. இப்ப வீட்டுல காது கிழியக் கத்திக்கிட்டுத் திரியறாளே, அவளோட முதல் சத்தம்.

நான் நடந்ததைச் சொன்னேன். டாக்டர் கேட்டாங்க, மீட்டர் கணக்கை வாங்கிப் பாத்தாங்க. இந்த அளவு சக்திக்கு, இவ்வளவு தள்ளி, இவ்வளவு நேரத்துக்கு, பயப்பட ஒண்ணும் இல்ல, இதயம் ஜோரா அடிக்குதுன்னாங்க. இனிமே அந்தச் சீட்டுல உக்காராம இருந்தா எனக்கும் நிம்மதி, உனக்கும் நிம்மதின்னாங்க. சரின்னேன். எழுந்திரிக்க வேண்டியதுதான். ஆனா எனக்கு எழுந்திரிக்க வரல.

"டாக்டர், முன்னால போன ரெண்டும், நான் பறந்ததாலயா?"ன்னு கேட்டேன்.

அதே நேரத்துல என் கால்மாட்டுல இருந்து ஒரு குரல். "டாக்டர், முன்னால போன ரெண்டும், நான் வச்ச ஆன்டெனாவாலயா?"

ரெண்டு பேரும் ஒரே மூச்சுல கேட்டுட்டோம். நான் திரும்பி அவரைப் பாத்தேன். அவரு என்னைப் பாக்கல, டாக்டர் வாயையே பாத்துக்கிட்டு நின்னாரு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அந்த மீட்டரை வாங்கினது இந்தப் பிள்ளைக்காக இல்ல. ரெண்டாவது போன வாரமே வாங்கியிருக்காரு. ஆன்டெனாவை மாத்தச் சொல்லி எழுதினதும் அப்பதான், எழுதினது அவருதான். நான் பக்கத்துலயே படுத்திருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது.

டாக்டர் எங்களை மாறி மாறிப் பாத்தாங்க. முதல்ல என் பக்கம் திரும்பி "நோ"ன்னாங்க. அப்புறம் அவரு பக்கம் திரும்பி, கொஞ்சம் மெதுவா, இன்னொரு "நோ". அந்த மாசங்கள்ல போறது பெரும்பாலும் கரு உருவாகறப்பவே முடிவாகிடற விஷயம், அதுல உங்க ரெண்டு பேர் கையுமே இல்லன்னு சொல்லி, டிஷ்யூ பெட்டியை எங்க நடுவுல தள்ளி வச்சாங்க.

லிட்டில் இந்தியா ஸ்டேஷன்ல ரயில் ஏறினோம். அவருதான் ஆரம்பிச்சாரு. ஆன்டெனா மாட்டின அன்னிக்கு எந்த ஸ்குரூ எங்க போட்டார்ங்கறதுல இருந்து, முதல் தடவை போனப்ப பட்டறைக் கழிவறையில கதவைச் சாத்திக்கிட்டு அழுதது வரைக்கும், மூச்சு விடாம சொல்லிக்கிட்டே வந்தாரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவரு மொத்தமா பேசினதுகூட அவ்வளவு இருக்காது. நான் ஒரு வார்த்தை குறுக்க பேசல. செங்காங் வந்துச்சு, கதவு திறந்துச்சு, மூடிச்சு. அவரு நிறுத்தல, நானும் எழுந்திரிக்கல, அடுத்த ஸ்டேஷன் புங்கோல் வரைக்கும் போயிட்டோம்.